எலுமிச்சம்பழத்தை விடுங்க, பலகையை நிமிர்த்தி வைங்க

மரத்துல செஞ்ச கட்டிங் போர்டை சுத்தமா வச்சுக்க தினமும் எலுமிச்சம்பழம் வேணாம், வினிகர் வேணாம், ஆப்ப சோடாவும் வேணாம். கழுவி, துடைச்சு, நல்லா காய வச்சா போதும். இந்த ஒத்த வரியைச் சொல்லத்தான் இவ்ளோ பெரிய பதிவு. அவசரமா ஆணி புடுங்கப் போறவங்க இதோட கிளம்பிடலாம். மத்தவங்க ஒரு காப்பியை எடுத்துட்டு வந்து உக்காருங்க.

"ஏம்ப்பா, பொட்டி தட்டுற உனக்கு எதுக்கு பலகை ஆராய்ச்சி?"ன்னு கேக்கலாம். காரணம் இருக்கு. போன்ல எதைத் திறந்தாலும் யாராவது ஒருத்தர் பலகை மேல வெள்ளைப் பொடியைக் கொட்டி, எலுமிச்சை மூடியால தேய்ச்சு, நுரை பொங்க பொங்க "கெமிக்கலே இல்லாம கிருமி எல்லாம் காலி"ன்னு சொல்றாங்க. அதைப் பாத்துட்டு நம்ம வீட்டுலயும் ஆரம்பிச்சிடறாங்க. பத்து நாள் தேய்க்கிறாங்க, பதினோராவது நாள் கை வலிக்குது. அப்புறம் பலகை சிங்க்குக்குப் பின்னாடி ஈரத்தோட சாய்ஞ்சு கிடக்கும். மழைக்காலம் வந்தா கருப்புப் புள்ளி. "மரம்னாலே இப்படித்தான்"னு ஒரு தீர்ப்பு, குப்பைத் தொட்டி, அடுத்து பிளாஸ்டிக் பலகை. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம்னு நம்ம பக்கத்து அபார்ட்மெண்ட் சமையல்கட்டுல பாதிக்கு இதான் கதை. பாவம், மரத்து மேல எந்தத் தப்பும் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நம்ம ஊருக்கு கட்டிங் போர்டுங்கிறது கொஞ்சம் புதுசு. நமக்கு இருந்தது அருவாமனை. உக்காந்து, ஒரு காலை அந்தக் கட்டை மேல வச்சு அழுத்திக்கிட்டு, காயைக் கையில பிடிச்சு நறுக்குறது. அதுல காய் மரத்து மேல படுறதே கம்மி. மேடை வச்ச சமையல்கட்டு வந்து, நின்னுக்கிட்டு சமைக்க ஆரம்பிச்ச பிறகுதான் கத்தியும் பலகையும் வீட்டுக்குள்ள வந்துச்சு. அதனால பலகையை எப்படி வச்சுக்கணும்னு பாட்டிகிட்ட கேட்டா அவங்ககிட்ட நேரடியா பதில் இருக்காது.

ஆனா பாட்டிங்களுக்கு மரம் புதுசு இல்ல. பருப்பு மத்து, தயிர் மத்து, சப்பாத்திக் கட்டை, முறுக்கு அச்சு, இடியாப்ப அச்சு, உலக்கை எல்லாமே மரம்தான். பருப்பும் தயிரும் கிருமிக்கு விருந்து மாதிரி. அப்படியும் ஒரே மத்து பத்து இருபது வருஷம் உழைச்சுது. எப்படி? அந்த மத்து வீட்டுல எங்க இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆணியில தொங்கிக்கிட்டு இருந்திருக்கும்! கழுவினதும் நாலு பக்கமும் காத்து படுற மாதிரி மாட்டி வச்சாங்க. முறுக்கு அச்சு முத்தத்து வெயில்ல கிடந்துச்சு. தேய்ச்சது சாம்பலோ புளியோ சீயக்காயோ, அது வீட்டுக்கு வீடு மாறும். காய வச்சது மட்டும் எல்லா வீட்டுலயும் ஒண்ணு. நாம என்ன பண்ணிட்டோம்னா, புளியை ஞாபகம் வச்சுக்கிட்டு ஆணியை மறந்துட்டோம். (இது வேற ஆணி, நம்ம ஆபீஸ் ஆணி இல்ல.)

"காய வச்சா கிருமி செத்துடுமா, என்னய்யா ஆதாரம்?"

இருக்கு. அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல டீன் கிளைவர்னு ஒரு உணவு நுண்ணுயிரியல் பேராசிரியர் இருந்தார். 90-கள்ல அவரும் அவர் குழுவும் மரப் பலகையை பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பா மாத்த என்ன வழின்னு தேடித்தான் வேலையை ஆரம்பிச்சாங்க. அப்போ எல்லாரும் பிளாஸ்டிக்தான் சுத்தம்னு நம்பிக்கிட்டு இருந்த காலம். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, ஈ.கோலை மூணையும் ரெண்டு வகைப் பலகையிலயும் தடவிப் பாத்தாங்க. 1994-ல முடிவை வெளியிட்டப்போ கதை தலைகீழா இருந்துச்சு.

பிளாஸ்டிக் மேல விட்ட கிருமி மணிக்கணக்குல அப்படியே இருந்துச்சு. ராத்திரி முழுக்க விட்டா பெருகவும் செஞ்சுது. மரத்துல விட்ட ஈரத்தை மரம் 3 நிமிஷத்துலேர்ந்து 10 நிமிஷத்துக்குள்ள உறிஞ்சிடுச்சு. பச்சைக் கோழியிலேர்ந்து வழக்கமா வரக்கூடிய அளவு, அதாவது ஆயிரத்துலேர்ந்து பத்தாயிரம் கிருமின்னு வச்சுக்கங்க, அது உள்ள போனதுக்கப்புறம் பெரும்பாலும் திரும்ப எடுக்கவே முடியல. வேணும்னே பத்து லட்சத்துக்கு மேல கொட்டி, ஈரமான காத்துல 12 மணி நேரம் வச்சுப் பாத்தப்போ கொஞ்சம் மிச்சம் கிடைச்சுது. அதுலயும் குறைஞ்சது 98 சதவீதம் காணாம போயிருந்துச்சு. புதுப் பலகை, பழைய பலகை ரெண்டுலயும் மரம்தான் முன்னாடி நின்னுச்சு.

விஷயம் சிம்பிள். மரம்ங்கிறது நெருக்கமா கட்டி வச்ச பொடிக் குழாய்கள். தண்ணியை உள்ள இழுத்துக்கும், தண்ணியோட கிருமியும் போகும். உள்ள போன கிருமிக்கு ஈரம் கிடைக்காம காய்ஞ்சு செத்துப் போகும். இதுல மரம் நம்மகிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அடுத்த ஈரம் வர்றதுக்குள்ள தன்னைக் காய விடணும். எப்பவுமே சொதசொதன்னு இருக்குற பலகைக்கு இந்த வித்தை பலிக்காது.

இதைப் படிச்சுட்டு "அப்போ கழுவவே வேணாமா?"ன்னு யாரும் கிளம்பிடாதீங்க சாமி. கழுவணும். கோழி வெட்டின பலகையிலயே அடுத்த நிமிஷம் வெள்ளரிக்காய் நறுக்கினா எந்த மரமும் காப்பாத்தாது.

பிளாஸ்டிக் பக்கமும் நியாயமா பேசிடறேன். புதுசா இருக்குறவரைக்கும் அதைக் கழுவுறது சுலபம், டிஷ்வாஷர்லயும் போடலாம். சிக்கல் கத்திக் கீறல் விழுந்ததுக்கப்புறம். கீறலுக்குள்ள கொழுப்பு ஒட்டிக்கிட்டா கையால தேய்ச்சு எடுக்குறது கஷ்டம்னு அதே கிளைவர் குழு சொல்லுது. அப்புறம் 2023-ல வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துலேர்ந்து ஒரு ஆய்வு வந்துச்சு. பாலிஎத்திலீன் பலகையில காய் நறுக்குனா ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 7.4 கிராம்லேர்ந்து 50.7 கிராம் வரைக்கும் பிளாஸ்டிக் தூள் சேரலாம்னு கணக்குப் போட்டாங்க. எப்படி நறுக்குறோம், எந்தப் பலகைங்கிறதைப் பொறுத்து இது மாறும். அந்தத் தூளை எலி செல்கள் மேல போட்டுப் பாத்ததுல 72 மணி நேரத்துல பெரிய பாதிப்பு தெரியலைன்னும் அதே ஆய்வு சொல்லுது. மரத்துலேர்ந்தும் தூள் வரத்தான் செய்யும். ஆக, பீதி வேணாம். ஆனா "மரம் அழுக்கு, பிளாஸ்டிக் சுத்தம்"ங்கிற பேச்சை இதோட மூட்டை கட்டிடலாம்.

இப்போ அந்த நுரை வீடியோவுக்கு வருவோம். ஆப்ப சோடா காரம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலம். ரெண்டையும் ஒண்ணா ஊத்துனா ஒண்ணை ஒண்ணு சமன் பண்ணிக்கும். மிச்சம் இருக்குறது உப்புத் தண்ணி மாதிரி ஒண்ணும், மேல போற கரியமில வாயுவும்தான். அந்த நுரை பாக்க அழகு, கேமராவுக்கு ரொம்ப அழகு. பலகைக்கு பிரயோஜனம்னு பாத்தா, நாம தேய்ச்ச தேய்ப்பு மட்டும்தான். பத்தாம் கிளாஸ் கெமிஸ்ட்ரி மக்களே இது!

தனித்தனியா எடுத்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு, அதை மறுக்கலை. மீன் வெட்டின வாடைக்கு எலுமிச்சை சரியான ஆள். அந்த வாடை காரத்தன்மை உள்ள அமீன்களால வர்றது, அமிலம் பட்டா அடங்கிடும். கல்லுப்பு சொரசொரப்பா இருக்குறதால ஒட்டினதைச் சுரண்டும், ஈரத்தையும் வெளிய இழுக்கும். நம்ம பக்கம் போர் தண்ணி எப்படின்னு சொல்லவே வேணாம், பக்கெட்டுலயே வெள்ளையா படியுது. பலகையிலயும் அதே வெள்ளைப் படலம் வரும். மாசத்துக்கு ஒரு தடவை அரை மூடி எலுமிச்சையால தேய்ச்சுக் கழுவினா அது போயிடும். இதெல்லாம் எப்பவாவது தேவைப்படற வேலை. தினப்படி சடங்கா மாத்த வேணாம்னுதான் சொல்றேன்.

மஞ்சள் கறைக்கு ஒரு தனிக் குறிப்பு. மஞ்சள் மேல ஆப்ப சோடாவோ சோப்போ பட்டா செக்கச்செவேல்னு ஆகும். கோயில்ல ஆரத்தித் தட்டுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா வர்ற அதே சிவப்புதான். பயந்துபோய் இன்னும் நாலு தடவை தேய்ப்பாங்க. விட்டுடுங்க. மஞ்சளோட நிறத்துக்கு வெயில் ஆகாது. ரெண்டு மூணு நாள் பால்கனி வெயில்ல காட்டுனா தானா வெளுத்துடும். வெள்ளை வேட்டியில சாம்பார் சிந்துனா அம்மா என்ன பண்ணுவாங்க? துவைச்சு வெயில்ல போடுவாங்க இல்லையா, அதேதான்.

ஒரு பலகை, தினமும் ஒரு நிமிஷ வேலை. இதான் முறை:

நறுக்கி முடிச்சதும் கத்தியோட முதுகால மேல இருக்குறதை வழிச்சுத் தள்ளுங்க. சுடுதண்ணி இருந்தா நல்லது, இல்லாட்டி சாதாத் தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்பு. சோப்பே இல்லாமத்தான் "இயற்கை"ன்னு அடம் பிடிக்காதீங்க, கொழுப்புக்கு சோப்பு வேணும். முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் கழுவுங்க. ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சா அந்தப் பக்கம் மட்டும் ஊதி, பலகை தட்டு மாதிரி வளைஞ்சுடும். உடனே துணியால துடைங்க. கடைசியா, படுக்கப் போடாம விளிம்புல நிமிர்த்தி, ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி வைங்க. சுவத்துல ஒட்டி வச்சா பின்பக்கம் காயாது.

சிங்க்குல பாத்திரத்தோட ஊறப் போடுறது மட்டும் கூடவே கூடாது. பலகையைக் கொல்றதுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஒட்டுப் போட்ட பலகையா இருந்தா ஒட்டு விட்டுடும். கடையில விக்கிற மூங்கில் பலகையெல்லாம் பட்டை பட்டையா ஒட்டினதுதான். (மூங்கில் மரமே இல்ல, புல் வகை. ஆனா பராமரிப்பு ஒண்ணுதான்.)

அசைவம் சமைக்கிற வீட்டுக்கு ரெண்டு பலகை வேணும். கறி, கோழி, மீனுக்கு ஒண்ணு. காய், பழம், வெங்காயத்துக்கு ஒண்ணு. இதுல பேரமே கிடையாது. மரமா பிளாஸ்டிக்காங்கிற சண்டையைவிட இது நூறு மடங்கு முக்கியம். அமெரிக்க விவசாயத் துறை சொல்றதும் இதுதான். ரெண்டு வகைப் பலகையும் பரவாயில்லை, பச்சைக் கறிக்குன்னு ஒண்ணைத் தனியா வைங்கன்னு. வீட்டுல யாருக்காவது வயித்துப் போக்கு, கைக்குழந்தை இருக்கு, இன்னும் பலமா சுத்தம் பண்ணணும்னா ப்ளீச் கரைசல் போடலாம். கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள் ஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச். கழுவின பலகை மேல சில நிமிஷம் விட்டு அலசிடுங்க. ஆனா ப்ளீச்சும் எலுமிச்சையும், ப்ளீச்சும் வினிகரும் எந்தக் காலத்துலயும் சேரக் கூடாது. குளோரின் வாயு வரும், மூடின சமையல்கட்டுல அது விளையாட்டு இல்ல.

ஞாயித்துக்கிழமை மட்டன் கடை வரிசையில நிக்கும்போது என்னைக்காவது அந்தக் கட்டையை நல்லா பாத்திருக்கீங்களா? நம்ம ஊர்ல பெரும்பாலும் புளியமரம். கெட்டி, சீக்கிரம் செதில் தெறிக்காது. எங்க ஏரியா கடை பாய்கிட்ட "இதை எப்படி பாய் கழுவுவீங்க?"ன்னு கேட்டேன். "தண்ணி ஊத்திக் கழுவுனா கட்டை கெட்டுப் போயிடும் தம்பி. சாத்துறப்போ சுரண்டிட்டு கல்லுப்பைப் போட்டு மூடிடுவேன், காலையில பாத்தா மொறமொறன்னு இருக்கும்"னார். அவர் சொன்னது பரம்பரைக் கைவைத்தியம்னு நெனச்சா, அது சட்டத்துலயே இருக்கு! 2011-ல வந்த மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு உரிம ஒழுங்குமுறைகள்ல நாலாவது அட்டவணை, சில்லறை இறைச்சிக் கடைகளுக்கான பகுதி. வெட்டுற கட்டை உணவுக்கு ஏத்த செயற்கைப் பொருளா இருக்கணும், மரமா இருந்தா கெட்டியான மரத்தோட நடுத்தண்டா இருக்கணும், தினமும் அது மேல போதுமான அளவு கடல் உப்பைப் பரப்பி சுத்தம் பண்ணணும்னு எழுதியிருக்கு. உப்பு என்ன பண்ணுது? ஈரத்தை இழுக்குது. திரும்பத் திரும்ப அதே கதைதான். கருவாடு கெடாம இருக்குறது எதனால? அதே காரணம்தான்.

அடுத்து எண்ணெய். இதுலயும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. நம்ம வீட்டுல இருக்குற எண்ணெய் எல்லாம் பலகைக்கு ஒண்ணு கிடையாது. முதல் வருஷ இஞ்சினியரிங் கெமிஸ்ட்ரியில அயோடின் எண்ணு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? (பரிட்சை முடிஞ்சதும் எனக்கும் மறந்து போச்சு, இதுக்காகத்தான் திரும்பத் தேடினேன் :-)) அது அதிகமா இருந்தா அந்த எண்ணெய் காத்தோட சேர்ந்து சீக்கிரம் மாறும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல. அதனால அது மரத்து மேல காய்ஞ்சு கெட்டியா படலம் ஆகும், மர வேலைக்காரங்க அதைத் தேடுறதே அதுக்குத்தான். நல்லெண்ணெய் 100-ஐத் தாண்டும். முழுசா காயவும் காயாது, அப்படியே இருக்கவும் இருக்காது. பிசுக்கா ஒட்டிக்கிட்டு காறல் வாடை அடிக்கும். கடலெண்ணெயும் சூரியகாந்தியும் இதே கேஸ். தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 10-க்குள்ள. அதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, சுலபமா காறாது. நம்ம ஊர் சூட்டுல பெரும்பாலும் தண்ணியா இருக்கும், மரத்துக்குள்ள நல்லா இறங்கும்.

அதனால என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்குத்தான். நல்லா காய்ஞ்ச பலகையில ஒரு ஸ்பூன், துணியால தேய்ச்சு, ராத்திரி விட்டு, காலையில மிச்சத்தைத் துடைச்சுடணும். ஈரப் பலகையில போட்டா தேங்காய் எண்ணெயும் சோப்பு வாடை அடிக்கும், ஜாக்கிரதை. எந்த வாடையும் ஆகாதுங்கிறவங்களுக்கு மருந்துக் கடையில லிக்விட் பாராஃபின் கிடைக்கும். வெளிநாட்டுல பலகை எண்ணெய்னு விக்கிறதுல பெரும்பாலும் இருக்குற மினரல் ஆயில் இதுதான். கெடவே கெடாது. ஆனா பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது, "இயற்கை" கோஷ்டிக்குப் பிடிக்காது. தேன்மெழுகை இளக்கி நாலு பங்கு எண்ணெயோட கலந்து பூசினா தண்ணி இன்னும் கம்மியா இறங்கும்.

எண்ணெய் கிருமியைக் கொல்றதுக்கு இல்ல. மினரல் ஆயில் பூசினதால கிருமிக் கணக்குல பெரிய வித்தியாசம் இல்லைன்னு 1994 ஆய்வுலயே இருக்கு. மரம் தண்ணியைக் குடிச்சு ஊதி, காய்ஞ்சு சுருங்கி, வெடிக்காம இருக்கத்தான் எண்ணெய். வெடிப்பு விழுந்தா கதை முடிஞ்சுது, உள்ள சேர்ற அழுக்கை யாராலயும் எடுக்க முடியாது.

இவ்வளவும் சித்திரை வைகாசியில ரொம்ப ஈசி. வெயில் நம்மளையே காயப் போடுது, பலகை எம்மாத்திரம். பரிட்சை ஐப்பசி கார்த்திகையில. மரம் காத்துல இருக்குற ஈரத்துக்கு ஏத்த மாதிரி தன் ஈரத்தை வச்சுக்கும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதம்னா மரத்துல 12 சதவீதம் தண்ணி. 90 சதவீதம்னா 20-கிட்ட போயிடும். 20-ஐத் தாண்டினா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வடகிழக்குப் பருவமழையில நாலு நாள் விடாம பெய்யும்போது காத்துல வெறும்ன வச்சா பலகை காயவே காயாது. அப்போ ஃபேனுக்குக் கீழ வைங்க, இல்லாட்டி சமையல் முடிஞ்ச அடுப்புக்குப் பக்கத்துல, சூடு படுற தூரத்துல. ரெண்டு பலகை மாத்தி மாத்திப் பயன்படுத்துனா ஒண்ணுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். லேசா கருப்பு தட்டியிருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, காய வச்சு, எண்ணெய் போட்டா புதுசு மாதிரி வந்துடும். கருப்பு ஆழமா இறங்கியிருந்தாலோ, பலகை மெத்துனு ஆகியிருந்தாலோ தூக்கிப் போடுங்க.

தூக்கிப் போடுறதுன்னதும் நம்ம ஏரியா ஆளுங்களுக்கு முக்கியமா ஒண்ணு சொல்லணும். 2015 டிசம்பர் 1, 2-ல 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு வீட்டுக்குள்ள வந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்பவும் அதே முடிச்சூர், அந்தப் பக்கம் பள்ளிக்கரணைன்னு தண்ணி நின்னுச்சு. வெள்ளத் தண்ணின்னா மழைத் தண்ணி மட்டும் இல்ல, சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் சேர்ந்தது. தண்ணி வடிஞ்சதும் நம்ம மக்கள் என்ன பண்ணுவாங்க? ஸ்டீல் பாத்திரத்தோட பலகையையும் மத்தையும் சேர்த்து டெட்டால் போட்டுக் கழுவி, வெயில்ல வச்சு எடுத்து வச்சிடுவாங்க. ஸ்டீல், கண்ணாடிக்கு அது சரி. மரத்துக்கு இல்ல. வெள்ளத் தண்ணி பட்ட மரப் பலகையையும், குழந்தைங்க பால் பாட்டில் நிப்பிளையும் வீசிடச் சொல்லுது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். பத்து லட்சம் கிருமியை ஊத்தி 12 மணி நேரம் ஈரத்துல வச்சா மிச்சம் இருந்துச்சுன்னு மேல சொன்னேன்ல? ஒரு வீடு ரெண்டு மூணு நாள் சாக்கடைத் தண்ணியில கிடந்தா கணக்கு எங்க போகும்? தாத்தா காலத்து மத்தா இருந்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கும். ஷோகேஸ்ல வச்சுக்கங்க, பருப்புக்குள்ள மட்டும் விடாதீங்க. மரத்தை ஆதரிச்சு இவ்வளவு பேசுற நானே சொல்றேன், அந்த நேரத்துல மரத்தை நம்பாதீங்க.

கடைசியா, இந்தப் பதிவு எழுத உண்மையான காரணம். இந்த "இயற்கை முறை"ன்னு வர்றதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. அதுக்கு ஆகுற நேரத்தையும் உழைப்பையும் யாரும் கணக்குல எழுதுறது இல்ல. தினமும் எலுமிச்சை தேய், உப்பு போடு, கால் மணி நேரம் ஊற வை, வாரா வாரம் எண்ணெய் போடுன்னு சொல்றது சுலபம். செய்யுறது யாரு? பல வீட்டுல மரப் பலகையை ஆன்லைன்ல ஆர்டர் பண்றது ரங்கமணி. "பிளாஸ்டிக் வேணாம், உடம்புக்கு ஆகாது"ன்னு லெக்சர் குடுக்குறதும் ரங்கமணி. காலையில 7 மணிக்கு லஞ்ச் பாக்ஸ் கட்டிக்கிட்டு, அதே நேரத்துல ஓஎம்ஆர் பஸ்ஸுக்கும் ரெடியாகிட்டு, நடுவுல இந்தப் பலகைக்கும் அபிஷேகம் பண்ணணும்னா அது தங்கமணி தலையில. இல்லாட்டி அம்மா தலையில. இல்லாட்டி வீட்டு வேலைக்கு வர்ற அக்கா தலையில. அவங்க நாலு வீட்டுப் பாத்திரத்தோட பலகையையும் சிங்க்குல ஊறப் போட்டா "ஐநூறு ரூபாய் பலகை போச்சு"ன்னு கோவம் வேற. யாராவது ஒருநாள் அவங்ககிட்ட இதை ஊற வைக்கக் கூடாதுக்கான்னு சொல்லியிருக்கோமா?

அதனாலதான் முறை சின்னதா இருக்கணும்ங்கிறேன். கழுவு, துடை, நிமிர்த்து. இவ்வளவு சின்னதா இருந்தாத்தான் மழைக்காலத் திங்கட்கிழமை காலையிலயும் நடக்கும். பெரிய சடங்கா இருந்தா பத்து நாள்ல நின்னுடும். நின்னதும் பலகை கெடும், பழி சமைக்கிறவங்க மேல விழும். ஆபீஸ்ல இதை நல்லா பாத்திருக்கோம். நாப்பது ஸ்டெப் செக்லிஸ்ட்டை யாரும் பின்பத்த மாட்டாங்க, மூணு ஸ்டெப்பா இருந்தா ஒழுங்கா நடக்கும்.

எங்க வீட்டுல ஒப்பந்தம் இதுதான். நறுக்குறது யாரா இருந்தாலும், பலகையைக் கழுவி நிமிர்த்தி வைக்கிறதும் எண்ணெய் போடுறதும் என் வேலை. மரம்தான் வேணும்னு சொன்னது நான்ங்கிறதால. உங்க வீட்டுல மரம் வேணும்னு சொன்னது யாரோ, அவங்க கைக்கு அந்த ஸ்க்ரப்பரைக் குடுங்க. அது முடியாதுன்னா கொஞ்சமும் கூச்சப்படாம பிளாஸ்டிக்கே வாங்குங்க. கீறல் விழுந்ததும் மாத்திடுங்க. ஒழுங்கா பாத்துக்கிற பிளாஸ்டிக், பூஞ்சை பிடிச்ச வேப்ப மரத்தைவிட எவ்வளவோ மேல்.

புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு வெயில் நாளாப் பாத்து பலகைக்கு எண்ணெய் போட்டு வச்சிடுங்க மக்களே. ஐப்பசி பொறந்தா அப்புறம் வானம் வழி விடாது.

டிஸ்கி 1: கருங்காலி, தேக்கு, வேம்பு, மா, இதுல எது நல்ல பலகைன்னு கேக்க நெனச்சா, அதுக்குத் தனிப் பதிவு வேணும். இப்போதைக்கு ஒண்ணு: தேக்குல சிலிக்கா இருக்கும், கத்தி சீக்கிரம் மழுங்கும். வீட்டுல கத்தி சாணை பிடிக்கிறதும் ரங்கமணி வேலைன்னா யோசிச்சு வாங்குங்க.

டிஸ்கி 2: எலுமிச்சம்பழ வியாபாரிகள் சங்கம் மன்னிக்கணும். மிச்சமாகுற பழத்தை ஜூஸ் போட்டுக் குடிக்கலாம். தாம்பரம் வெயிலுக்கு அதுதான் நியாயம் :-)